வெட்டும் பல்லுக்கு எந்த லீடர்? புதிதாகத் தூண்டில் போடுபவர்களுக்கு

சென்னைக்கு வடக்கே ஒரு தூண்டில் வளைவில் முதல்முறை லூர் (மீன் மாதிரிச் செய்த போலி இரை) வீசப் போன காலை, ஒன்றரை மணி நேரத்தில் மூன்று லூர்களைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுக் கல்லில் உட்கார்ந்திருந்தேன். மூன்றும் ஒரே மாதிரிதான் போயின. ரீலைச் சுற்றிக்கொண்டே இருப்பேன், தடியில் ‘டக்’ என்று ஒரு தட்டு, அடுத்த நொடி நூல் தளர்ந்து காற்றில் ஆடும். பெரிய மீன் இழுத்து அறுத்துக்கொண்டு போயிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். இங்கே இழுவையே இல்லை. பக்கத்துக் கல்லில் கைத்தூண்டில் போட்டுக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “நரம்பக் காட்டு தம்பி” என்றார். நுனியை விரலில் உருட்டினார்.

“கத்திரி வெச்சா மாரி கீது பாரு. ஷீலா வேல.”

“நாப்பது பவுண்டு நரம்புண்ணா, கெட்டியானது” என்றேன்.

“வெயிட்டுக்கு அது தாங்கும். பல்லுக்கு?”

லீடர் வாங்கக் கடைக்குப் போகும் புதியவர்கள் எல்லோரும் நான் செய்த தப்பைத்தான் செய்கிறார்கள். எத்தனை கிலோ மீன் வரும் என்று கணக்குப் போட்டு நரம்பு வாங்குகிறார்கள். மீனின் எடையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியவை தடி, ரீல், பிரெய்டு (பல இழை பின்னிய நூல்), டிராக் (மீன் இழுக்கும்போது ரீல் நூலை விட்டுக்கொடுக்கிற பிடி) எல்லாம். லீடரை மட்டும் பல்லைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அரைக் கிலோ வாளை 40 பவுண்டு நரம்பை வெட்டும். பத்துக் கிலோ பாறை அதே நரம்பில் கரைக்கு வரும்.

லீடர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வரி: ரீலில் இருக்கும் முதன்மை நூலுக்கும் தூண்டில் முள்ளுக்கும் (அல்லது லூருக்கும்) நடுவே கட்டுகிற கடைசித் துண்டுதான் லீடர். இப்போது பெரும்பாலும் எல்லோரும் ரீலில் பிரெய்டுதான் சுற்றுகிறோம். பிரெய்டு இழுவைக்கு அசுரன், ஆனால் கல்லில் உரசினாலோ பல்லில் பட்டாலோ தையல் நூல் மாதிரிப் போய்விடும். அதைக் காப்பதுதான் லீடரின் வேலை.

முதலில், அறுந்த நுனியைப் பாருங்கள்

புது லீடர் வாங்குவதற்கு முன் பழையது ஏன் போனது என்று தெரிய வேண்டும். நூல் அறுந்ததும் திட்டிக்கொண்டே புதிதாகக் கட்டி வீசாமல், நுனியை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். சுத்தமாக, நேராக அல்லது லேசான சாய்வாக வெட்டுப்பட்டு, மற்ற இடமெல்லாம் பளபளப்பாகவே இருந்தால் அது பல். நுனிக்கு மேலே ஒரு சாண் தூரம் வெள்ளையாகத் தேய்ந்து, விரலில் சொரசொரவென்று தட்டினால் கல் அல்லது சிப்பி, இல்லையென்றால் சொரசொரப்பான வாய் உள்ள மீன் நெடுநேரம் இழுத்திருக்கிறது. நுனி பன்றிவால் மாதிரி சுருண்டிருந்தால் மீன் மேல் பழி போடாதீர்கள், உங்கள் முடிச்சு நழுவியிருக்கிறது. இந்த மூன்றாவது வகைதான் புதியவர்களிடம் அதிகம். கம்பி வாங்கி அதைச் சரிசெய்ய முடியாது.

அன்று என்னுடைய மூன்று நுனிகளும் முதல் வகை.

பல்லை வகை பிரியுங்கள்

இதை மீன் சந்தையிலேயே கற்றுக்கொள்ளலாம். காசிமேட்டிலோ உங்கள் ஊர்ச் சந்தையிலோ வஞ்சிரம் வாங்கும்போது தலையையும் கேட்டு வாங்கி வாயைத் திறந்து பாருங்கள் (விரலை விடாதீர்கள், பேனாவால் திறங்கள்). சின்னச் சின்ன முக்கோணங்கள், பக்கவாட்டில் தட்டையாகி, ஓரம் கத்தி மாதிரி. மேல்தாடையும் கீழ்த்தாடையும் கத்திரிக்கோலின் இரண்டு அலகாக மூடும். இரை மீனை விரட்டிப் பின்பாதியை ஒரே கடியில் துண்டாக்குவதற்கென்றே அமைந்த வாய் அது. அதன் நடுவே ஒரு நரம்பு மாட்டினால் என்ன ஆகும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஷீலாவுக்குக் கீழ்த்தாடை முன்னால் நீண்டிருக்கும், முன்பக்கம் கோரைப்பற்கள். வாளைக்கு (சாவாளை என்றும் சொல்வார்கள்) பற்கள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் முன்னால் இருப்பவை நீண்ட கொக்கிகள், நுனியில் தூண்டில் முள்ளைப் போலவே ஒரு எதிர்முள்கூட உண்டு. முள்ளுவாளையும் இந்தக் கூட்டம்தான். இவை நான்கும் வெட்டுகிற பல். கம்பி வேண்டும்.

பெயர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சென்னையில் ஷீலா என்றால் பாரகுடா. தூத்துக்குடி, நெல்லைப் பக்கம் போய்ச் சீலா கேட்டால் வஞ்சிரத்தைக் காட்டுவார்கள், பாரகுடாவுக்கு அங்கே ஊளி என்று பெயர். குமரிப் பக்கம் வஞ்சிரமே நெய்மீன். யாழ்ப்பாணத்தில் அறக்குளா. “சீலாவுக்கு இந்த லீடர் போடு” என்று யாராவது வீடியோவில் சொன்னால் அவர் எந்த ஊர்க்காரர் என்று முதலில் கேளுங்கள். நல்லவேளையாக இரண்டுக்குமே கம்பிதான் என்பதால் தப்பிக்கலாம்.

அடுத்த வகை, உரசுகிற வாய். பாறை, களவா, கொடுவா, ஆற்றில் விரால். இவற்றுக்கும் பல் உண்டு, ஆனால் வெட்டுவதற்கு இல்லை, பிடித்துக்கொள்வதற்கு. கொடுவாவின் வாய்க்குள் விரலை விட்டால் உப்புத்தாள் மாதிரி இருக்கும். அதனிடம் கூர்மையாக இருப்பது செவுள் மூடியின் ஓரம். இவற்றுக்குத் தடித்த நரம்போ ஃப்ளூரோகார்பனோ (இதுவும் ஒரு வகைப் பிளாஸ்டிக் நரம்புதான்) போதும். கம்பி போட்டால் கடி குறையும், அவ்வளவுதான் லாபம். ஆற்றில் வரும் வாளை கடல் வாளைக்குப் பெயரில் மட்டும்தான் சொந்தம். அது கெளுத்தி இனம். அதன் தாடையில் நெருக்கமாகப் பொடிப் பற்கள், நெடுநேரப் போராட்டத்தில் நரம்பை அராவிவிடும். அதற்கும் தடித்த நரம்புதான் என் தேர்வு.

மூன்றாவதாக ஒரு ஆசாமி இருக்கிறார், பேத்தை. நான்கு பற்கள் ஒட்டிக் கிளி மூக்கு மாதிரி ஆன வாய். நரம்பை மட்டுமில்லை, மெல்லிய தூண்டில் முள்ளைக்கூட நறுக்கும். இரை போட்ட இரண்டாவது நிமிடமே முள் காணாமல் போய்க்கொண்டிருந்தால் பெரும்பாலும் பேத்தைதான். அதற்காகக் கம்பி கட்டாதீர்கள், இடத்தை மாற்றுங்கள். தவறி மாட்டினால் விட்டுவிடுங்கள், சமைக்கக் கூடாத விஷ மீன்.

சுறாவுக்கு என்ன கம்பி என்று கேட்பவர்களுக்கு: அதைக் குறிவைத்துப் போகாதீர்கள். பல இனங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகின்றன, எது எது என்று படகில் நின்றுகொண்டு கண்டுபிடிக்க நம்மால் ஆகாது.

கடையில் என்னென்ன கிடைக்கும்

சாதா நைலான் நரம்பு. நம் ஊரில் தங்கூஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும். விலை மலிவு, சற்று இழுபடும், முடிச்சு நன்றாக இறுகும். உரசுகிற மீன்களுக்கு இதுவே தாராளம்.

ஃப்ளூரோகார்பன். தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது என்று விற்பார்கள். அதில் பாதி உண்மை. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, ஃப்ளூரோகார்பனுக்கு 1.42, நைலானுக்கு 1.5-க்கு மேல். ஆக நைலானைவிட மறைவானது, முழுக்க மாயமாகாது. நைலானைவிடக் கனமானது என்பதால் சீக்கிரம் மூழ்கும், உரசலையும் கூடுதலாகத் தாங்கும். ஆனால் உரசலைத் தாங்குவது வேறு, வெட்டைத் தாங்குவது வேறு. 80 பவுண்டு, 100 பவுண்டு ஃப்ளூரோகார்பனை வைத்து ஷீலா பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தடிமனில் பல் ஒரே வெட்டில் போகாமல் கீறல் கீறலாகத்தான் போகும், அதற்குள் மீனை ஏற்றிவிடலாம் என்பது கணக்கு. ஷீலாவிடம் அது சில நாள் பலிக்கும். வஞ்சிரத்திடம் நான் அந்தச் சூதாட்டம் ஆடுவதில்லை.

ஒற்றைக் கம்பி. ஒரே இழையாக இழுத்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். வஞ்சிரத்துக்கு உலகம் முழுக்க இதுதான் நடைமுறை. தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் வஞ்சிரத்தை ‘கூட்டா’ என்பார்கள், அங்கே படகில் போகிறவர்கள் பியானோ கம்பி என்று சொல்லி இதைத்தான் கட்டுகிறார்கள். தூண்டிலில் பிடித்த வஞ்சிரத்தின் உலக சாதனை எடையான 44.9 கிலோவும் அதே கரையில் ஸ்காட்பர்க் என்ற ஊரில் 1982-இல் வந்ததுதான்.

ஒற்றைக் கம்பியின் பெரிய பலம் பலருக்குத் தெரியாது: அது மெலிசு. 40 பவுண்டு ஃப்ளூரோகார்பன் ஏறக்குறைய 0.57 மில்லிமீட்டர் தடிமன். அதே அளவு இழுவை தாங்குகிற நான்காம் நம்பர் கம்பி 0.33 மில்லிமீட்டர்தான். கம்பி போட்டால் மீன் பார்த்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் அதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தடித்த பிளாஸ்டிக்கைத் தண்ணீரில் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். மினுக்கம்தான் உறுத்தல் என்றால் பழுப்பு நிறம் ஏற்றிய கம்பி கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

பலவீனம் மடிப்பு. ஒருமுறை கூராக மடிந்த இடம் நிமிர்த்தினாலும் பழைய பலத்துக்கு வராது, அடுத்த இழுவையில் அங்கேதான் ஒடியும். மடிப்பு விழுந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும். கம்பி மலிவு என்பதால் மனசு கேட்கும்.

கிதார் கம்பியைக் கட்டலாமா என்று நண்பர்கள் கேட்பார்கள், நானும் கட்டிப் பார்த்திருக்கிறேன். மெலிசான கிதார் கம்பிகளும் மூன்றாம், நான்காம் நம்பர் லீடர் கம்பிகளும் தடிமனில் ஏறக்குறைய ஒன்றுதான், இழுவையும் தாங்கும். ஆனால் அது ஸ்டெயின்லெஸ் இல்லை. ஒரு நாள் உப்புத்தண்ணீர் பட்டு இரவு பையில் கிடந்தால் மறுநாள் துரு. அவசரத்துக்கு ஆகும்.

பல இழைக் கம்பி. ஏழு மெல்லிய இழைகளை முறுக்கியது, அல்லது அப்படிப்பட்ட ஏழு முறுக்குகளைச் சேர்த்து முறுக்கிய 49 இழை. நன்றாக வளையும், சுலபமாக மடிப்பு விழாது, லூரின் ஆட்டத்தைக் கெடுக்காது. ஆனால் பல் பட்டால் ஒவ்வொரு இழையாக அறுந்து துடைப்பம் மாதிரி விரியும். அதன்மேல் பிளாஸ்டிக் பூசியதும் உண்டு. கைக்கு இதமாக இருக்கும், பூச்சு கிழிந்ததும் உள்ளே உப்பு புகுந்து கண்ணுக்குத் தெரியாமல் அரிக்கும் என்பது குறை. மிக மெல்லிய இழைகளால் ஆன, முடிச்சுப் போடக்கூடிய கம்பியும் இப்போது வருகிறது. புதியவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது அதைத்தான். குறடு இல்லாமல், கையாலேயே ‘8’ வடிவ முடிச்சுப் போட்டு வேலையை முடிக்கலாம்.

டைட்டானியம். நிக்கலும் டைட்டானியமும் கலந்த உலோகக் கம்பி. எப்படிச் சுருட்டினாலும் திரும்ப நிமிர்ந்து நிற்கும், துரு ஏறாது, ஒரே லீடரில் பல மீன் பிடிக்கலாம். அதே பலத்துக்கு ஸ்டீலைவிடத் தடிமன் அதிகம், விலையும் அதிகம். முதல் வருடம் இது வேண்டாம். லீடரைக் கல்லில் சிக்கவைத்து இழக்கிற வருடம் அது.

எவ்வளவு தடிமன், எவ்வளவு நீளம்

கரையிலிருந்து வீசுகிறவர்களுக்கு 30 முதல் 40 பவுண்டு கம்பி போதும், ஒற்றைக் கம்பியில் மூன்றாம் அல்லது நான்காம் நம்பர். படகில் போய் வஞ்சிரத்துக்கு இரை இழுக்கிறவர்கள் ஐந்து, ஆறு, ஏழு என்று ஏறலாம். ஏழாம் நம்பர் 0.46 மில்லிமீட்டர், ஏறக்குறைய 70 பவுண்டு தாங்கும். அதற்குமேல் நம் கரையில் எனக்குத் தேவைப்பட்டதில்லை. இராத்திரி வாளைக்கு 20 முதல் 30 பவுண்டு பல இழைக் கம்பி.

ஒன்றைக் கவனியுங்கள். கம்பியின் பலம் பிரெய்டின் பலத்தைவிடக் கொஞ்சமாவது கூட இருக்கட்டும். அதே சமயம் கம்பிக்கு முந்தைய நரம்பில் எங்கேயாவது ஒரு முடிச்சு எல்லாவற்றையும்விடப் பலம் குறைந்ததாக இருப்பது நல்லது. கல்லில் சிக்கினால் அங்கே அறுந்து மொத்த நூலும் மிஞ்சும்.

நீளத்துக்கு டேப் வேண்டாம், கை போதும். லூருக்கு ஒரு சாண். இரை மீனுக்கு ஒன்றரைச் சாண் முதல் ஒரு முழம் வரை. புதியவர்கள் பாதுகாப்பு என்று நினைத்து ஒரு மீட்டர் கம்பி கட்டுவார்கள். அவ்வளவு நீளம் தடியின் வளையத்துக்குள் போய் இடிக்கும், வீசும்போது சுழன்று லூரின் முள்ளில் மாட்டும், சின்ன லூர் ஆடாமல் கட்டை மாதிரி வரும். பல் லூரை ஒட்டிய அந்த ஒரு சாணுக்குள்தான் படும். அதற்கு மேலே படுவது மீனின் உடம்பும் வாலும். அதற்கு நரம்பு போதும்.

ஆகவே என்னுடைய கட்டு இப்படி இருக்கும்: பிரெய்டு, அதில் எஃப்ஜி முடிச்சில் ஒன்றேகால் மீட்டர் 40 பவுண்டு ஃப்ளூரோகார்பன், அதன் முனையில் கறுப்பு நிறச் சின்ன ஸ்விவல் (நூல் முறுக்காமல் சுழல்கிற இணைப்பு), அதற்குப் பிறகு ஒரு சாண் கம்பி, முனையில் ஸ்னாப் (லூரை மாட்டிக் கழற்றுகிற கொக்கி). எஃப்ஜி கைவராதவர்கள் ஆல்பிரைட் முடிச்சுப் போடலாம், வளையத்தில் கொஞ்சம் இடிக்கும், பரவாயில்லை.

ஸ்விவல் ஏன் கறுப்பு? வஞ்சிரமும் ஷீலாவும் கூட்டமாக வரும்போது ஒன்று மாட்டியதும் மற்றவை வெறியில் மினுங்குகிற எதையும் கடிக்கும். வெள்ளி நிற ஸ்விவல் தண்ணீரில் நெத்திலி மாதிரி மின்னும். கம்பி பத்திரமாக இருக்க, அதற்கு மேலே ஸ்விவலும் நரம்பும் சேர்கிற இடத்தில் வெட்டுப்பட்டு மீன் போன கதை படகுக்காரர்கள் எல்லோரிடமும் உண்டு. அதே காரணத்துக்காக ஸ்விவலைக் கையில் கிடைத்த பெரியதாகப் போடாதீர்கள், நீர்க்குமிழி இழுத்துக்கொண்டு வரும்.

முறுக்குக் கண்ணி போடுவது

ஒற்றைக் கம்பியில் சாதாரண முடிச்சுப் போட முடியாது. மடிந்து ஒடியும். அதற்கென்று ஒரு முறுக்கு இருக்கிறது, ஆங்கிலத்தில் ஹேவயர் ட்விஸ்ட் என்பார்கள். முதல் இருபது கேவலமாக வரும். டிவி பார்த்துக்கொண்டே பழகுங்கள், கடற்கரையில் காற்றில் பழகாதீர்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், வெட்டிய நுனி தெறிக்கும்.

இரண்டு சாண் கம்பி வெட்டுங்கள். முனையிலிருந்து நாலு விரல்கிடைக்கு மேல், ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் விட்டு, ஸ்விவலின் கண்ணில் கோத்து மடக்குங்கள். கண்ணி ஒரு துவரம்பருப்பு அளவு போதும். கண்ணியைக் குறட்டால் அழுத்திப் பிடியுங்கள். இப்போது கையில் இரண்டு கம்பிகள்: நீளமானது, குட்டையானது. இரண்டையும் விரித்துக் குறுக்காக வையுங்கள், நடுவே செங்கோணத்தைவிட அகன்ற கோணம் இருக்கட்டும். அப்படியே இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகத் திரிக்க வேண்டும், நாலு அல்லது ஐந்து முறுக்கு.

இந்த இடத்தில்தான் எல்லோரும் கோட்டைவிடுவார்கள். நீளமான கம்பி நேராக நிற்க, குட்டையானது அதைச் சுற்றிக் கொடி மாதிரிப் படர்ந்தால் அது முறுக்கு இல்லை. பெரிய மீன் இழுத்தால் அந்தக் கொடி வழுக்கிக்கொண்டு கழன்றுவிடும். கயிறு திரிக்கும்போது இரண்டு புரியும் சமமாக ஒன்றை ஒன்று தழுவுகிற மாதிரி இரண்டு கம்பியும் வளைய வேண்டும். கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே சாய்வில் இருந்தால் சரி.

அப்புறம் நீளமான கம்பியை நேராகப் பிடித்துக்கொண்டு, குட்டையானதை அதற்குச் செங்குத்தாகத் திருப்பி, ஸ்பிரிங் மாதிரி நெருக்கமாக நாலைந்து சுற்று. சுற்றுக்கும் சுற்றுக்கும் இடைவெளி இருக்கக் கூடாது. மிச்சம் இருக்கும் குட்டை முனையைக் குறட்டால் வெட்டாதீர்கள். வெட்டினால் ஊசி மாதிரி ஒரு நுனி நிற்கும், அது உங்கள் விரலைக் கிழிக்கும், பாசியையெல்லாம் வாரிக்கொண்டு வரும். பதிலாக அந்த முனையை ‘ட’ எழுத்து மாதிரி மடக்கிக் கைப்பிடி ஆக்குங்கள். அந்தக் கைப்பிடியைப் பிடித்து முன்னும் பின்னுமாக இரண்டு மூன்று முறை ஆட்டினால், கடைசிச் சுற்றோடு ஒட்டி ‘டிக்’ என்று ஒடிந்து விழும். சரியாக ஒடிந்ததா என்று பார்க்கக் கொஞ்சம் பஞ்சை அதன்மேல் தேயுங்கள். பஞ்சு சிக்கினால் மறுபடி.

அடுத்த முனையிலும் இதே. இரண்டு முறுக்கும் போக நடுவில் ஏறக்குறைய ஒரு சாண் மிஞ்சும்.

பல இழைக் கம்பிக்குச் சிலீவ் (சின்ன உலோகக் குழாய்) போட்டு நசுக்குவார்கள். கம்பியைச் சிலீவுக்குள் விட்டு, ஸ்விவலில் கோத்து, திரும்பச் சிலீவுக்குள் விட்டு, வட்ட வாய் உள்ள கிரிம்பிங் குறட்டால் நடுப்பகுதியை நசுக்க வேண்டும். இரண்டு ஓரத்தையும் தொடாமல் விடுங்கள், ஓரத்தை நசுக்கினால் அந்த விளிம்பே கம்பியை வெட்டும். சிலீவின் துளை கம்பி இரண்டு முறை இறுக்கமாகப் போகிற அளவு இருக்கட்டும், தொளதொளவென்று இருந்தால் எவ்வளவு நசுக்கினாலும் பிடிக்காது. முடித்ததும் ஒரு முனையைக் கதவுக் கொண்டியில் மாட்டி, துணி சுற்றிய கையால் உடம்பு எடையைக் கொடுத்து இழுத்துப் பாருங்கள்.

உயிர் இரை அல்லது செத்த இரை போடுகிறவர்களுக்கு இன்னொன்று. மத்தியோ முரலோ கட்டி விட்டால், வஞ்சிரம் வால் பக்கத்தை மட்டும் வெட்டிக்கொண்டு போகும், முள் இருக்கும் தலை உங்களுக்கு. ஆகவே முதல் முள்ளிலிருந்து இரண்டாவது ஒரு முள்ளை இரையின் வால் பக்கம் வரை கம்பியிலேயே இணைக்க வேண்டும். அதை நரம்பில் இணைத்துவிட்டு முன்பக்கம் மட்டும் கம்பி போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பல் முதலில் படுவதே பின்பக்கம்தான். ஜிக்கில் (மேலும் கீழும் ஆட்டுகிற கனமான உலோக லூர்) மேலே நூலில் தொங்கும் முள்களுக்கும் இதே கதி, வாளைக் கூட்டத்தில் அந்த நூல் அரைமணி நேரம் தாங்காது.

தண்ணீரில்

கலங்கல் தண்ணீரிலும் விடியற்காலை மங்கலிலும் கம்பியால் கடி குறைவதாக நான் உணர்ந்ததில்லை. தெளிந்த தண்ணீரில், வெயில் ஏறிய பிறகு, மீன் லூர் வரை வந்து திரும்பிப் போவது கண்ணுக்கே தெரியும். அப்போது கம்பியைக் கழற்றிவிடாதீர்கள். முதலில் ஒரு நம்பர் மெலிசாக்குங்கள், அடுத்து ஸ்னாப்பை எடுத்துவிட்டு லூரை நேரடியாகக் கண்ணியில் கட்டுங்கள், அடுத்து வேகத்தைக் கூட்டுங்கள். வஞ்சிரத்துக்கு யோசிக்க நேரம் கொடுத்தால்தான் அது கம்பியைப் பார்க்கும்.

டிராக்கை இறுக்கி வைக்காதீர்கள். பிரெய்டும் கம்பியும் இரண்டுமே இழுபடாதவை, முதல் ஓட்டத்தின் அதிர்ச்சி முழுவதும் முள் மாட்டிய சதையில்தான் விழும். நூலின் பலத்தில் நாலில் ஒரு பங்கு இழுவையில் டிராக் வழுக்க ஆரம்பிக்கட்டும்.

ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் விரல் நகத்தால் கம்பியை மேலிருந்து கீழே தடவுங்கள். தட்டினால் மாற்றுங்கள். ஒரு மீன் பிடித்த ஒற்றைக் கம்பி சுருள்முடி மாதிரி நெளிந்து வரும். நெளிவு பரவாயில்லை, கையால் இழுத்து நீவலாம். கூரான மடிப்பு மட்டும் ஆகாது. மேலே உள்ள நரம்பின் கடைசி ஒரு சாணையும் பாருங்கள், வெள்ளையாகத் தேய்ந்திருந்தால் அதை வெட்டிவிட்டு ஸ்விவலை மறுபடி கட்டுங்கள்.

இராமேசுவரம், தூத்துக்குடிப் பக்கம் படகெடுத்துப் போகிறவர்கள் மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றித் தேசியப் பூங்கா எல்லை இருப்பதை மறக்க வேண்டாம். பாறையும் ஷீலாவும் அங்கே நிறைய இருக்கும்தான், ஆனால் அங்கே தூண்டில் போட அனுமதி கிடையாது. எல்லை எது என்று புறப்படும் முன்பே படகுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மீன் பக்கத்தில் வந்த பிறகு

கம்பியை வெறுங்கையில் சுற்றிப் பிடித்து மீனைத் தூக்காதீர்கள். கடைசி நேரத்தில் ஒரு உதறல் உதறினால் கம்பி உள்ளங்கையை அறுத்துக்கொண்டு போகும். கையுறை போட்டுப் பிடியுங்கள், வலையோ கொக்கியோ வைத்து ஏற்றுங்கள். நீண்ட மூக்குக் குறடு இல்லாமல் இந்த மீன்களுக்குப் போகவே வேண்டாம். ஷீலாவின் வாயிலிருந்து முள்ளை விரலால் எடுக்கப் போனவர்களின் விரல்களை நான் பார்த்திருக்கிறேன். மீன் செத்து ஐஸ் பெட்டிக்குள் கிடந்தாலும் பல் பல்தான், பெட்டிக்குள் தண்ணீர் பாட்டிலைத் துழாவும்போது ஞாபகம் இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் லீடர்களை நல்ல தண்ணீரில் அலசி, துணியால் துடைத்து, உள்ளங்கை அளவு வட்டமாகச் சுற்றி, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். ஈரத்தோடு மூடி வைத்தால் ஸ்டெயின்லெஸ்ஸும் பழுப்பாகும். மடிந்துபோன துண்டுகளுக்கு ஒரு காலி மாத்திரை டப்பா வைத்துக்கொள்ளுங்கள். தூண்டில் வளைவின் கற்களுக்கு நடுவே போட்டுவிட்டு வந்தால் மறுநாள் காலை அங்கே வெறுங்காலோடு நண்டு தேடி வருகிற பையன்களின் காலில்தான் அது ஏறும்.

முதல் தடவை கடைக்குப் போகிறவர்கள் முடிச்சுப் போடக்கூடிய 30 பவுண்டு கம்பி ஒரு சுருள், நான்காம் நம்பர் ஒற்றைக் கம்பி ஒரு சுருள், கறுப்பு ஸ்விவல் பத்து, ஸ்னாப் பத்து, 40 பவுண்டு ஃப்ளூரோகார்பன் ஒன்று, நல்ல குறடு ஒன்று வாங்கினால் போதும். குறட்டில் மட்டும் காசைப் பார்க்காதீர்கள். என்னுடைய முதல் குறடு ஒரே மாதத்தில் துருப்பிடித்து வாய் திறக்காமல் போனது, ஒரு முழ ஷீலா கல்லில் துள்ளிக்கொண்டிருந்த நேரத்தில்.